புதிதாய்ப் பிறந்த நினைவகத்துக்கு எதற்குக் காவல்?

பழைய கல்லடிப் பாலத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வாகனங்கள் போக முடியாது. ஒரு பக்கம் வந்து முடியும்வரை மறுபக்கம் காத்து நிற்க வேண்டும். 2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை மட்டக்களப்பார் அதற்குப் பழகிப்போயிருந்தார்கள். பல த்ரெட்கள் ஒரே தரவைத் தொடும் நிரலில் 'லொக்' செய்வதும் இதைத்தான்.

டிரான்ஸாக்ஷனல் மெமரி வேறு வழி சொல்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் தத்தம் வேலையை, அதாவது டிரான்ஸாக்ஷனை, செய்யட்டும். மோதிக்கொண்டால் ஒருவர் மட்டும் தான் செய்ததை அழித்துவிட்டு மறுபடி தொடங்கட்டும். 1993இல் மொரிஸ் ஹெர்லிஹியும் எலியட் மொஸ்ஸும் வன்பொருளுக்காக முன்வைத்த யோசனை இது. வன்பொருளே இல்லாமலும் செய்யலாம் என்று 1995இல் ஷாவிட்டும் டூய்ட்டோவும் காட்டினார்கள். 2012இல் வந்த ஜிசிசி 4.7 கம்பைலர் அதைப் பரிசோதனை வசதியாக இலவசமாகவே கொடுத்தது. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் மடிக்கணினியிலேயே முயன்று பார்க்கலாம். முயல்கிறவர்களிடம் சில நம்பிக்கைகள் ஒட்டிக்கொள்கின்றன.

நம்பிக்கை: டிரான்ஸாக்ஷனுக்குள் எழுதும் ஒவ்வொன்றையும் கண்காணித்தே ஆக வேண்டும்.

மட்டக்களப்பு–கொழும்பு இரவு பஸ்ஸுக்கு ஆசனம் பதியும் நிரல் ஒன்று எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். டிரான்ஸாக்ஷனுக்குள் மால்லாக் மூலம் புதிய பதிவு ஒன்றுக்கு இடம் எடுக்கிறீர்கள். பெயர், ஆசன எண், இறங்கும் இடம் மூன்றையும் நிரப்புகிறீர்கள். கடைசியில் அதைப் பட்டியலின் தலையில் கோக்கிறீர்கள். கம்பைலர் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தால் இந்த ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு லைப்ரரி அழைப்பைச் செருகும். ஒரே கட்டளையில் முடிய வேண்டிய வேலை பல மடங்கு நீளும். டிரான்ஸாக்ஷனல் மெமரி மந்தம் என்ற கெட்ட பெயருக்குப் பெரும் காரணம் இந்த அழைப்புகள்தான்.

ஆனால் அந்தப் பதிவு டிரான்ஸாக்ஷனுக்குள்ளேயே பிறந்தது. டிரான்ஸாக்ஷன் முடியும்வரை வேறு எந்த த்ரெட்டுக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, மோத ஆளில்லை. இடையில் கைவிட்டாலும் அந்த இடம் மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கப்படும். பழைய மதிப்பை மீட்க வேண்டிய தேவையும் இல்லை. மூன்று எழுத்துக்கும் காவல் வீண். பட்டியலின் தலையை மாற்றும் எழுத்துக்கு மட்டும் அது வேண்டும். 2009இல் டிராகொயெவிச், நி, அட்ல்-டபடபாய் மூவரும் இத்தகைய நினைவகத்துக்கென்றே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள்.

இதிலும் ஒரு நுணுக்கம். மால்லாக் வரியை டிரான்ஸாக்ஷன் தொடங்கும் வரிக்கு மேலே நகர்த்திவிட்டு, நிரப்புவதை உள்ளேயே விட்டால் கதை மாறும். அப்போதும் மற்ற த்ரெட்களுக்கு அது தெரியாது, மோதல் வராது. ஆனால் கைவிடும்போது அந்த இடம் அழியாது, ஆகவே பழைய மதிப்பைக் குறித்து வைக்க வேண்டும். ஜிசிசி இந்த இரண்டையும் வெவ்வேறு வகையாகவே நடத்துகிறது. ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் இன்னொன்று இருந்து, உள்ளிருப்பது மட்டும் தனியே கைவிடப்படக்கூடுமானால், வெளியே பிறந்ததற்கும் இதே கதிதான்.

நம்பிக்கை: இதையெல்லாம் கம்பைலர் தானாகக் கண்டுபிடித்துவிடும்.

பாதிதான் உண்மை. நம் பதிவு கடைசியில் பட்டியலில் சேர்ந்து ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. வரிகளின் முன்பின் வரிசையைப் பார்க்காத அலசல், 'இந்தச் சுட்டி எங்கோ வெளியே போகிறது' என்பதை மட்டும் கண்டு, அதற்கு முன்னால் நடந்த எழுத்துகளுக்கும் காவல் போட்டுவிடும். வேறு கோப்பில் இருக்கும் ஃபங்ஷனுக்குச் சுட்டியை அனுப்பினாலும் அப்படித்தான். கம்பைலரைக் குறை சொல்ல மாட்டேன். நிரூபிக்க முடியாத இடத்தில் அது பயப்படுவதே நமக்குப் பாதுகாப்பு. நிரல் ஓடும்போதே 'இந்த முகவரி நான் இப்போது எடுத்த இடத்துக்குள் வருகிறதா' என்று சோதித்தால் காவல் தேவையில்லாத எழுத்துகள் இன்னும் அதிகம் அகப்படும், ஆனால் அந்தச் சோதனைக்கும் விலை உண்டு.

நம்பிக்கை: உள்ளே ஃப்ரீ செய்தால் இடம் உடனே விடுபடும்.

விடுபடாது. டிரான்ஸாக்ஷன் வெற்றியாக முடியும்வரை ஒத்திவைக்கப்படும். இல்லாவிட்டால் கைவிட்டுத் திரும்பும்போது இடம் வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.

நம்பிக்கை: வன்பொருள் வந்துவிட்டது, இனி இந்தக் கவலை எதற்கு?

கல்லடிப் புதுப் பாலம் திறந்த அதே 2013இல்தான் இன்டெல்லும் ஹாஸ்வெல் சில்லில் இந்த வசதியைத் தந்தது. 2014 ஆகஸ்டில் பிழை கண்டுபிடித்து முடக்கினார்கள். பின்னர் வந்த பல சில்லுகளிலும் 2021இல் அதை அணைத்தார்கள். ஐபிஎம் பவர்8இல் கொடுத்ததைப் பவர்10இல் எடுத்துவிட்டது. இருக்கும் சில்லிலும் மால்லாக் சங்கடம் தரும். அது இயங்குதளத்திடம் புதிய இடம் கேட்கப் போனால் டிரான்ஸாக்ஷன் அங்கேயே முறியும். இரண்டு த்ரெட்களின் பதிவுகளை ஒரே கேஷ் வரியில் அது வைத்துவிட்டால், தொடர்பே இல்லாத இருவர் மோதிக்கொள்வார்கள்.

ஆகவே என் பரிந்துரை பழையதுதான். பதிவை வெளியே எடுத்து, வெளியிலேயே நிரப்பி, கோப்பதை மட்டும் உள்ளே செய்யுங்கள். ஆசனம் ஏற்கெனவே போயிருந்தால் எடுத்ததை நீங்களே விடுவிக்க வேண்டும், அவ்வளவே. அதற்கு முன் உங்கள் கம்பைலர் என்ன செய்கிறதென்று பார்க்க, அசெம்பிளி வடிவத்தை வெளியிடச் சொல்லி, '_ITM_' என்று தொடங்கும் அழைப்புகளைத் தேடுங்கள். பெயருக்கும் ஆசன எண்ணுக்கும் எழுதும் அழைப்புகள் அங்கே நின்றால், அந்த வரிகளை வெளியே நகர்த்தி மறுகா ஒருக்கா எண்ணிப் பாருங்கள்.