லயத்துக்கும் ஒரு பங்கு

கேள்வி: ஹோட்டன் சமவெளியைப் பாதுகாக்கிறார்கள். அங்கிருந்து வரும் தண்ணீரில் தோட்டத்து மக்களுக்கு உரிமை இல்லையா?
- வாசகி, பட்டிப்பொல

பதில்: கட்டாயம் இருக்க வேண்டும், சகோதரி. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் தரும் அந்தச் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் உலக மரபுரிமையாயிற்று. அந்தக் காவல் பூங்கா எல்லையோடு நின்றுவிடுகிறது. கீழே இறங்கும் ஆக்ரா ஓயாவின் நீர் கொத்மலை ஓயாவில் சேர்கிறது. தலவாக்கலையில் அணைபோட்டு, 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்நிலையத்துக்குத் திருப்புகிறார்கள். மின்சாரமும் வேண்டியதுதான். ஆனாலும் இந்தத் திருப்பலால் நீர் குறையும் சென்கிளேயர் அருவிக்குப் பகலில் நீர் விட நிபந்தனை விதிக்க முடிந்ததே! கண்ணுக்கு அழகான அருவிக்குப் பங்கு எழுதியவர்கள், தோட்டத்து மக்கள் வாழும் லயத்துப் பீலிக்கும் எழுதட்டும். பிரதேச சபையிடம் இதை எழுத்தில் கேளுங்கள்.