ஐந்து குண்டில் தெரிந்துவிடுமா துல்லியம்?

அமெரிக்காவில் சில நூறு டாலருக்குக் கிடைக்கும் பாயின்ட் 22 ரைஃபிள்களைப் பற்றி இரண்டே தீர்ப்புகள்தான் பெரும்பாலும் காதில் விழுகின்றன. சேவேஜ் மார்க் 2, ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் போன்ற ஒன்றை வாங்கியவர், ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாகத் தெரியும் டார்கெட்டைக் காட்டி, ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள அன்ஷூட்ஸ் ரைஃபிளுக்கு இது சளைத்ததல்ல என்பார். அதே மாடலை வாங்கிய இன்னொருவர், குண்டுகள் சிதறிக் கிடக்கும் டார்கெட்டைக் காட்டி, கொடுத்த காசுக்கு இவ்வளவுதான் என்று ஒதுக்கிவிடுவார். இரண்டு டார்கெட்டும் உண்மையானவையாகவே இருக்கலாம். ஆனால் இருவருமே சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தீர்ப்பு சொல்கிறார்கள். மலிவான ரிம்ஃபயர் ரைஃபிளுக்குத் தனியாகத் துல்லியம் என்று ஒன்று கிடையாது. குறிப்பிட்ட தோட்டாவோடு சேர்ந்த ரைஃபிளுக்குத்தான் துல்லியம் உண்டு. அதையும் போதுமான எண்ணிக்கையில் சுட்டால்தான் அளக்க முடியும்.

முதலில் எண்ணிக்கை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். எல்லா அரிசியும் ஒரே கொதியில் வேகிறது என்பதால் அது சரி. குண்டுகள் அப்படியல்ல, ஒவ்வொன்றும் தன் போக்கில் சிதறும். ஒரே குறியை நோக்கித் தொடர்ந்து சுட்ட குண்டுகளின் கொத்தைக் குரூப் என்கிறோம். அதன் அளவு என்று நாம் சொல்வது, ஒன்றுக்கொன்று அதிகம் விலகி விழுந்த இரண்டு குண்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை. ஆகவே சுடச்சுட அது பெருகத்தான் செய்யும். மூன்று குண்டுக் குரூப்பின் சராசரி 24 மி.மீ. என்றால், அதே ரைஃபிளில் ஐந்து குண்டுக்கு 31, பத்துக்கு 38 வரும் என்பது நிகழ்தகவுக் கணக்கு. சராசரி 31 உள்ள ரைஃபிள் எப்போதாவது 15-ஐயும் காட்டும், 45-ஐயும் காட்டும். அந்த 15-ஐ மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் நாம் அளந்தது அதிர்ஷ்டத்தைத்தான். அதனால்தான் பத்துக் குண்டுக் குரூப்களை வற்புறுத்துகிறேன். விலகிப்போன குண்டை ‘ஃப்ளையர்’ என்று கழித்துவிடும் வழக்கத்தையும் விட வேண்டும். விசையை இழுத்த நொடியிலேயே, டார்கெட்டைப் பார்க்கும் முன்பே, “இது என் பிழை” என்று சொல்ல முடிந்தால் மட்டும் கழிக்கலாம்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். ஈயக் குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போவதால் ஓட்டை குண்டின் குறுக்களவை (சுமார் 5.6 மி.மீ.) விடச் சற்றுச் சிறிதாகவே தெரியும். அதன் விளிம்பில் ஈயமும் மெழுகும் படிந்து ஒரு சாம்பல் வளையம் இருக்கும். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, அதே காகிதத்தில் தனியாக விழுந்த ஓர் ஓட்டையின் அகலத்தைக் கழித்தால் மையத்துக்கு மையம் உள்ள தூரம் கிடைக்கும்.

இனி தோட்டா. விஷயத்தின் கனம் இங்கேதான் இருக்கிறது. ரிம்ஃபயர் தோட்டாவில் தீ மூட்டும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் பரவியிருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கியதும் தீ பிடிக்கிறது. நசுங்கிய கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவது நடைமுறையில் இல்லை. தீ மூட்டும் மருந்து கூட்டின் அடி நடுவில் இருக்கும் சென்டர்ஃபயர் தோட்டாவைச் சுடுபவர் தன் ரைஃபிளுக்கு ஏற்ப மருந்தை அளந்து தோட்டா செய்துகொள்ளலாம். நமக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டுமே உண்டு. குண்டின் வேகத்தில் வினாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தாலே, 50 மீட்டர் தூரத்தில் மேலும் கீழுமாக 7, 8 மி.மீ. விலகல் வந்துவிடும். சர்வதேசப் போட்டி டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10.4 மி.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள். உயர்தர ரைஃபிள் வைத்திருக்கும் போட்டியாளர்களே ஈலி, லாபுவா நிறுவனங்களின் சோதனைக் கூடங்களுக்குப் போய், ஒரே வகைத் தோட்டாவின் வெவ்வேறு லாட்களை, அதாவது தயாரிப்புத் தொகுதிகளை, சுட்டுப் பார்த்து, ஒத்துவரும் லாட்டை மொத்தமாக வாங்குகிறார்கள். மலிவு ரைஃபிளுக்கு மட்டும் கைக்குக் கிடைத்த தோட்டா போதும் என்று நினைப்பது நியாயமா?

ஒரு வகைக்கு ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா, சுடுங்கள். ஒவ்வொரு தயாரிப்பிலும் மெழுகு வேறு என்பதால் முதல் பத்தைக் குழல் பழகுவதற்கு விட்டுவிட்டு, மீதியில் நான்கு குரூப் பாருங்கள். வேகம் கூடிய தோட்டா துல்லியமானது என்ற எண்ணம் வேண்டாம். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்படும் குண்டு காற்றுத் தடையால் சடாரென வேகம் இழக்கிறது. அதனால் பக்கக் காற்று அதைத்தான் அதிகம் தள்ளும்.

மலிவு ரைஃபிளுக்குப் பல மடங்கு விலையுள்ள போட்டித் தோட்டா வாங்குவது வீண் செலவு என்பார்கள். தினமும் சுடுவதற்கு என்றால் வீண்தான். ஆனால் நோய் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு பெட்டி தேவை. நல்ல தோட்டாவும் சிதறினால், குறை ரைஃபிளிலோ ஸ்கோப்பிலோ சுடுபவரிடமோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். சுடுபவரின் கைதான் காரணம், ரைஃபிளை எப்படிக் குறை சொல்வது என்ற கேள்வி இன்னும் வலுவானது. மலிவு ரைஃபிள்களில் விசை கனமாக இருப்பதும் உண்மை. முன்னும் பின்னும் மணல் பைகளில் தாங்கிச் சுட்டால் கையின் பங்கு வெகுவாகக் குறையும். அதே மேசையில், அதே ஆள், நன்றாகச் சுடும் என்று தெரிந்த வேறொரு ரைஃபிளையும் சுட்டுப் பார்த்தால் மீதிச் சந்தேகமும் தீரும். ஸ்கோப்பையும் கவனியுங்கள். 100 கஜத்துக்கு அமைத்த ஸ்கோப்பில் 50 கஜத்தைப் பார்க்கும்போது, கண் சற்று நகர்ந்தாலே குறியும் நகரும். குண்டுகள் இரண்டு தனிக் கொத்துகளாக விழுந்தால் ஸ்கோப் பிடிப்பின் திருகுகளையும், குழலைக் கட்டையோடு இணைக்கும் திருகுகளையும் முதலில் இறுக்கிப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

50 மீட்டரில் பத்துக் குண்டுக் குரூப்களின் சராசரி 25 மி.மீ.க்குள் வந்தால், அந்த விலைக்கு அது நல்ல ரைஃபிள் என்பேன். வராவிட்டாலும் உடனே விற்கவோ குழலை மாற்றவோ போக வேண்டாம். நான்கு வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, லாட் எண்ணை டார்கெட்டின் ஓரத்தில் எழுதி, எல்லாவற்றையும் சுட்டு முடித்துவிட்டு முடிவெடுங்கள். புதுக் குழலின் விலையோடு பார்த்தால் அந்த 200 தோட்டாவின் செலவு குறைவுதான்.