மாடியில் ஒரே ஒரு செடி

தாய்லாந்தில் கஞ்சா கடையிலேயே கிடைக்கிறதாமே! தாம்பரத்தில் என் மொட்டை மாடியில், கத்தரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு செடி வளர்த்தால் தப்பா சார்?
– வாசகர், சேலையூர்

தப்புதான். 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 20-வது பிரிவு ஒரு செடி, ஒரு ஏக்கர் என்று பேதம் பார்ப்பதில்லை. அனுமதியின்றி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால்கூட ஓராண்டு வரைதான்!

போர்ச்சுகல் 2001-ல் சொந்த உபயோகத்துக்குச் சிறை இல்லை என்றது. விற்றால் இன்றும் சிறைதான். தாய்லாந்து 2022-ல் விற்பனைக்கே கதவைத் திறந்தது. 2025-ல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று பாதி சாத்திவிட்டது. இங்கே அந்த இரண்டு நாட்டுச் சலுகையும் கிடையாது. பாங்காக் போனாலும் ‘ஞாபகார்த்தமாக’ எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். மீனம்பாக்கத்தில் சுங்கத்துறையினர் அந்த விமானத்துக்கென்றே விழித்திருக்கிறார்கள்.