கையும் பேசும்: காது கேளாத பிள்ளைக்கும் மொழி வேண்டும்



சேமிப்பு, கடன், கணக்கு எழுதுவது என்று பல பாடங்கள் படித்திருக்கிறோம். இந்த மாதப் பாடம் காது கேளாமல் பிறக்கும் பிள்ளைகளின் மொழியைப் பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் சுமார் 50 லட்சம் பேர் காது கேட்பதில் குறைபாடு உள்ளவர்கள். நம் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அப்படி ஒருவராவது இருப்பார். அவரை நாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோமா? பெரும்பாலும் "அந்த ஊமை" என்றுதான் சொல்கிறோம்.

அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற தாய்க்கு ஊரெல்லாம் யோசனை சொல்லும். "கையை ஆட்டிப் பேசிப் பழக்காதே, அப்புறம் வாயே திறக்காது" என்பார்கள். இந்தப் பேச்சு சரியா? மொழியை ஆராய்கிறவர்கள் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்? பார்ப்போம்.

சைகை வேறு, சைகை மொழி வேறு

தண்ணீர் வேண்டும் என்றால் கட்டை விரலை வாய்ப்பக்கம் காட்டுகிறோம். அது சைகை. "நேத்து குழாயில தண்ணி வரலை, நாளைக்கு வந்தா ரெண்டு குடம் அதிகமா பிடிச்சு வை" என்பதை அப்படிக் காட்டிப் புரியவைக்க முடியுமா? முடியாது. சைகை மொழியில் முடியும். நேற்று, நாளை, வந்தால், வராவிட்டால் எல்லாவற்றுக்கும் அதில் வழி இருக்கிறது. கடனும் வட்டியும் பேசலாம், கதை சொல்லலாம், சண்டையும் போடலாம்.

இதை முதலில் ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஸ்டோகி. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் காது கேளாதோருக்கான கேலாடெட் கல்லூரியில் 1955-ல் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தவர். மாணவர்கள் கையால் பேசுவதைக் கூர்ந்து கவனித்தார். 1960-ல் தன் ஆய்வை வெளியிட்டார். கூட வேலை பார்த்தவர்களே அப்போது அதைப் பெரிதாக மதிக்கவில்லை.

அவர் கண்டது இதுதான். ஒவ்வொரு சைகைச் சொல்லிலும் மூன்று உறுப்புகள் உண்டு. கை எந்த வடிவத்தில் இருக்கிறது, உடம்பில் எந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, எப்படி அசைகிறது. இதில் ஒன்று மாறினால் அர்த்தமே மாறிவிடும். நம் தமிழில் 'கல்' என்பதில் ஓர் எழுத்து மாறினால் 'பல்' ஆகிவிடுகிறது அல்லவா? அதே கணக்குத்தான்.

உலகம் முழுக்க ஒரே சைகை மொழி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேசுவது ஆங்கிலம். ஆனால் அவர்களின் சைகை மொழிகள் வேறு வேறு. ஆங்கில எழுத்துக்களை விரலால் காட்ட அமெரிக்காவில் ஒரு கை, இங்கிலாந்தில் இரண்டு கை. இந்தியச் சைகை மொழிக்கும் தனி இலக்கணம் உண்டு. 'யார்', 'எங்கே' போன்ற கேள்விச் சொல்லும், 'இல்லை' என்ற சொல்லும் வாக்கியத்தின் கடைசியில் வரும். முகமும் புருவமும்கூட அதில் இலக்கணம்தான்.

இன்னொரு சான்று. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் பலருக்குப் பேச்சு குழறிப்போகும். கையால் பேசுகிறவர்களுக்கும் இடப்பக்கம் பாதித்தால் சைகை மொழி குழறுகிறது என்று கலிபோர்னியாவில் அர்சுலா பெலூஜியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980களில் கண்டறிந்தார்கள். வாயால் வந்தாலும் கையால் வந்தாலும் மூளைக்கு அது மொழிதான்.

பிள்ளைகளே உண்டாக்கிய மொழி

நடு அமெரிக்காவில் நிகரகுவா என்று ஒரு சிறிய நாடு. 1970களுக்கு முன்பு அங்கே காது கேளாத பிள்ளைகள் அவரவர் வீட்டோடு கிடந்தார்கள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் மட்டும் புரியும் நாலைந்து சைகைகள்தான் அவர்களின் சொத்து.

1977-ல் தலைநகர் மனாகுவாவில் இவர்களுக்காக ஒரு சிறப்புப் பள்ளி திறந்தார்கள். 1980-ல் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளியும் வந்தது. 1983-க்குள் இரண்டிலும் சேர்த்து 400 பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிய மொழி கற்கச் சொன்னார்கள். அது பிள்ளைகளுக்குச் சரியாக ஏறவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் வேறொன்று நடந்தது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகைகள் கலந்தன. பொதுச் சொற்கள் உண்டாயின. ஆசிரியர்களுக்கே புரியாத வேகத்தில் பிள்ளைகள் கையால் பேசிக்கொண்டார்கள்.

1986-ல் அங்கே போன மொழியியலாளர் ஜூடி கெகல் இதை ஆராயத் தொடங்கினார். பிறகு ஆன் செங்கஸ் என்பவர் ஆராய்ந்தார். மொழியை மேலும் சீராக்கியது பின்னால் சேர்ந்த சின்னப் பிள்ளைகள்தான் என்று அவர் காட்டினார். ஒரு பூனை சரிவில் உருண்டு இறங்குவதைச் சொல்லச் சொன்னால், முதலில் படித்தவர்கள் உருள்வதையும் இறங்குவதையும் ஒரே அசைவாக நடித்துக் காட்டினார்கள். சின்னவர்களோ 'உருள்', 'இறங்கு' என்று இரண்டு சொல்லாகப் பிரித்துச் சொன்னார்கள். நடிப்பு மொழியாக மாறியது அப்படித்தான்.

இதில் நமக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. தனித்தனியாக வீட்டில் இருந்தவரை அந்தப் பிள்ளைகளுக்கு முழு மொழி இல்லை. ஒன்றாகக் கூடியபோது வந்தது. நாமும் குழுவாகச் சேர்ந்த பிறகுதானே வங்கியிலும் கிராம சபையிலும் வாய் திறந்தோம்?

அவர்களைக் கேட்காமல் எடுத்த தீர்மானம்

பாரிஸ் நகரில் 1760களிலேயே சைகையால் பாடம் நடத்திய பள்ளி இருந்தது. அங்கே படித்த காது கேளாத ஆசிரியர் லோரான் கிளேர், அமெரிக்காவில் 1817-ல் ஹார்ட்ஃபோர்டு நகரப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி மாநாடு நடந்தது. வந்தவர்கள் 164 பேர். அதில் காது கேளாதவர் ஒரே ஒருவர். பள்ளிகளில் வாய்ப்பேச்சுதான், சைகை கூடாது என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பல நாடுகளில் வகுப்பறையிலிருந்து சைகை வெளியேறியது. காது கேளாத ஆசிரியர்களுக்கு வேலை போனது. 2010-ல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு, அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் போனது 130 வருடம். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் தீர்மான நோட்டில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

வயசு ஏன் முக்கியம்?

நாற்று நட ஒரு பருவம் உண்டு. மொழிக்கும் அப்படித்தான். எலிசா நியூபோர்ட் என்ற ஆய்வாளர், பல வருடமாகச் சைகை மொழி பேசும் பெரியவர்களைச் சோதித்துப் பார்த்தார். பிறந்தது முதல் கற்றவர்களுக்கு இலக்கணம் நன்றாக வந்தது. 4 முதல் 6 வயதில் தொடங்கியவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். 12 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்கள் 30 வருடம் பேசிய பிறகும் தடுமாறினார்கள்.

ரேச்சல் மேபெரி என்பவரின் ஆய்வு 2002-ல் வந்தது. சிறு வயதிலேயே சைகை மொழி கற்ற காது கேளாதவர்கள், பின்னாளில் ஆங்கிலத்தையும் நன்றாகக் கற்றார்கள். சிறு வயதில் எந்த மொழியும் சரியாகக் கிடைக்காதவர்களால் அது முடியவில்லை. அதாவது முதல் மொழி என்ற அஸ்திவாரம் இருந்தால்தான் அடுத்த மொழி அதன்மேல் நிற்கும்.

காது மெஷினும், உள்காதுக் கருவி அறுவைச் சிகிச்சையும், பேச்சுப் பயிற்சியும் பல பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருகின்றன. தேவையானதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு பலன் வராது. பேச்சு வரட்டும் என்று மூன்று நான்கு வருடம் எந்த மொழியும் தராமல் காத்திருந்தால், போன பருவம் திரும்பாது. ஆகவே சிகிச்சை ஒருபக்கம், சைகை மொழி ஒருபக்கம் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள் என்கிறார்கள் மொழியியலாளர்கள் பலர்.

நம் நாட்டில்

தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் 1890களிலேயே ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இந்தியச் சைகை மொழிக்காக மத்திய அரசு 2015-ல் டெல்லியில் ஒரு ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைத்தது. 2018-ல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி, 2021-ல் 10,000 சொல்லாக வளர்ந்தது. ஒவ்வொரு சொல்லும் வீடியோவாக இருப்பதால் செல்போனிலேயே பார்த்துக் கற்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, சைகை மொழியையும் தகவல் தொடர்பு முறையாக ஏற்கிறது. செப்டம்பர் 23 உலக சைகை மொழிகள் நாள்.

நாம் செய்ய வேண்டியவை

1. கைக்குழந்தை சத்தத்துக்குத் திரும்பாவிட்டால் "லேட்டா பேசும்" என்று விட்டுவிடக் கூடாது. உடனே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள்.

2. அடையாள அட்டைக்கும் உதவிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைக் கேளுங்கள்.

3. தாய் மட்டும் சைகை கற்றால் போதாது. அப்பா, பாட்டி, அண்ணன், அக்கா எல்லோரும் கற்க வேண்டும். வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனை.

4. மற்ற காது கேளாத பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் பழக விடுங்கள். நிகரகுவா பிள்ளைகள் காட்டிய வழி அது.

5. காது கேளாத பெண்களும் நம் குழுவில் உறுப்பினர் ஆகலாம். அவர் உட்கார்ந்திருக்கும்போது முகம் தெரியும்படி, ஒவ்வொருவராகப் பேசுங்கள். தீர்மானம் புரிந்ததா என்று கேட்ட பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

• நம் ஊரில் காது கேளாத பிள்ளைகள் எத்தனை பேர்? பள்ளிக்குப் போகிறார்களா?

• அவர்களின் பெயர் நமக்குத் தெரியுமா?

• காது கேளாத பெண் ஒருவர் நம் குழுவில் சேர்ந்தால் கூட்டம் நடத்தும் முறையில் என்ன மாற்ற வேண்டும்?

இந்த மாதம் ஒவ்வொரு உறுப்பினரும் பத்து சைகைச் சொற்களைக் கற்று வாருங்கள். வணக்கம், சாப்பாடு, பணம், சேமிப்பு, நன்றி என்று தொடங்கலாம். ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்தில் பயிற்சி செய்து பார்த்துவிட்டு, உங்கள் குழுவின் அனுபவத்தைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள்.