‘ரிப்போட் இன்னும் வரேல்லை’ என்றால் என்ன செய்வது?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பில் கட்டி என்று அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் சதைத்துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கடந்துவிட்டது. கிளினிக் போகும் ஒவ்வொரு முறையும் “ரிப்போட் இன்னும் வரேல்லை, அடுத்த மாதம் வாங்கோ” என்றுதான் சொல்கிறார்கள். உப்பளத்தில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் அம்மாவைக் கூட்டிப் போகிறேன். ரிப்போட்டைச் சட்டப்படி கேட்டு வாங்க முடியுமா? வழக்குப் போடலாமா?
– வாசகி, ஆனையிறவு

பதில்: ரிப்போட்டைக் கேட்டு வாங்கலாம். வழக்கு இப்போது வேண்டாம்.

வழக்கு ஏன் வேண்டாம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். இலங்கையில் மருத்துவக் கவனக்குறைவு பற்றிப் பேசும் சட்டத்தரணிகள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் வழக்கு, பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன. 1992இல் கொழும்பில் ஒரு சிறுமி நோயுற்றாள். மூளைத்தண்டில் இருந்த கட்டி ஸ்கானில் தெரியவருமுன், அது வேறு நோய் என்று எண்ணிச் சிகிச்சை நடந்தது. குழந்தை இறந்தபின் தகப்பனார் அர்சகுலரத்ன, சிகிச்சையளித்த வைத்தியர் பிரியானி சொய்சாமீது வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. கவனக்குறைவு இருந்தது என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அந்தக் கவனக்குறைவால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது. நோயை நேரத்தோடு கண்டுபிடித்திருந்தாலும் குழந்தை பிழைத்திருக்கும் என்று காட்ட முடியவில்லை.

வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கிய தகப்பனுக்கு இது எவ்வளவு கசந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த வாசகி கவனிக்க வேண்டியது வேறொன்று. தீங்கு நடந்தபின் சட்டம் கேட்கும் சாட்சியம் மிகக் கடினமானது. தீங்கு நடக்குமுன், ஒரு காகிதத்தைப் பெற்றுத் தரச் சட்டம் கேட்பது ஒரு கடிதத்தைத்தான்.

அந்தக் கடிதத்துக்கும் முன்னால் செய்ய ஒரு வேலை உண்டு. “ரிப்போட் வந்திட்டுதா?” என்று கேட்டால் “இல்லை” என்ற ஒற்றைச் சொல்லோடு கதை முடிந்துவிடும். சதைத்துண்டு எந்தத் திகதியில், எந்த ஆய்வுகூடத்துக்கு, எந்த இலக்கத்தில் அனுப்பப்பட்டது என்று கேட்க வேண்டும். அனுப்பிய மாதிரிக்குப் பதிவு இருக்கும், பெற்ற ஆய்வுகூடத்திலும் இருக்கும். ரிப்போட் எழுதப்பட்டு வேறொரு கிளினிக்கின் கோவைக்குள் கிடக்கலாம். மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேராமலும் இருக்கலாம். இரண்டாவதுதான் உண்மை என்றால், எத்தனை மாதம் காத்திருந்தாலும் எதுவும் வரப்போவதில்லை. மறுபடி மாதிரி எடுப்பதா என்று வைத்தியரிடம் அன்றைக்கே கேட்க வேண்டும். ஆய்வுகூடம் மாதிரியைப் பெற்றுவிட்டது என்றால், சதைத்துண்டை மெழுகில் பதித்து வைப்பது வழக்கம். ரிப்போட் தொலைந்திருந்தாலும் அதிலிருந்து திரும்பப் பார்த்து எழுத முடியும்.

வாய்க் கேள்விக்கு மறுமொழி இல்லையென்றால்தான் கடிதம். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதியிலிருந்து நடைமுறையில் உள்ளது. வீதிக்குப் போட்ட தாருக்கும் பிரதேச சபையின் கணக்குக்கும்தான் இந்தச் சட்டம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியும் ஒரு பகிரங்க அதிகாரசபைதான். அங்கே தகவல் அலுவலர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். நியமிக்கப்படவில்லை என்றால் நிறுவனத் தலைவரே தகவல் அலுவலர் என்கிறது சட்டம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் விசாரிக்க முடியாது. எழுத இயலாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் பதிவது அலுவலரின் கடமை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒருவருடைய மருத்துவப் பதிவை இன்னொருவருக்குக் கொடுப்பதை இதே சட்டம் தடுக்கிறது. நோயாளி எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே கொடுக்கலாம். ஆகவே மகளின் பெயரில் விண்ணப்பம் போனால் திரும்பி வருவதற்கு இடமுண்டு. தாயாரின் பெயரிலேயே, அவருடைய கையெழுத்தோடு போகட்டும். கிளினிக்கில் மகளிடம் தொலைபேசியில் முடிவைச் சொல்ல ஒரு தாதி மறுத்தால், அவர் சட்டத்தின் பக்கம்தான் நிற்கிறார். அதற்காக மிஸியோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. தாயாரின் பெயர், கிளினிக் இலக்கம், சதைத்துண்டு எடுத்த திகதி ஆகியவற்றை எழுதி, “என்னிடமிருந்து எடுக்கப்பட்ட மாதிரி எந்த ஆய்வுகூடத்துக்கு எப்போது அனுப்பப்பட்டது, அதன் இலக்கம் என்ன, அறிக்கை பெறப்பட்ட திகதி எது என்பவற்றையும், அறிக்கையின் பிரதி ஒன்றையும் தரவும்” என்று கேட்டால் போதும். தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி தமிழில் எழுதியவருக்குத் தமிழிலேயே மறுமொழி கிடைக்க வேண்டும். ரிப்போட் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதை வைத்தியர் விளக்க வேண்டும், தகவல் அலுவலர் அல்ல.

சாதாரண விண்ணப்பத்துக்குத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் கேட்கும் தகவல் ஒரு பிரஜையின் உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பற்றியதென்றால் 48 மணித்தியாலத்துக்குள் மறுமொழி தர வேண்டும் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. புற்றுநோய்ச் சந்தேகத்தில் எடுத்த சதைத்துண்டின் முடிவு உயிர் சம்பந்தப்பட்டது என்று வாதிக்க வலுவான இடம் இருக்கிறது. கடிதத்தின் தலைப்பிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிட வேண்டும். அலுவலர் அதை ஏற்காமல் 14 நாள் கணக்கில் போட்டாலும் நட்டம் ஏதுமில்லை.

மறுத்தாலும், பேசாமல் இருந்தாலும், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேலே, இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஆணைக்குழுவரை போகும் அளவுக்குத் தாமதமானால், ரிப்போட்டுக்காகக் காத்திராமல் வேறொரு ஆஸ்பத்திரியில் புதிதாகப் பரிசோதிப்பதுதான் புத்தி. கட்டி சட்டத்தின் நாட்கணக்கைப் பார்த்து வளர்வதில்லை.

இந்தியாவில் வழி இன்னும் குறுகியது. அங்கே 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குவிதிகளின்படி, நோயாளி கேட்டால் பதிவேடுகளை 72 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். சென்னைக்குச் சிகிச்சைக்குப் போய்வரும் ஈழத்தமிழர் தடித்த கோவையோடு திரும்புவதில் இந்த விதிக்கும் பங்கிருக்கலாம். அமெரிக்காவில் 2021 ஏப்ரலிலிருந்து பல பரிசோதனை முடிவுகள் வைத்தியர் பார்க்குமுன்னரே நோயாளியின் கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகின்றன. புற்றுநோய்ச் செய்தியைத் தனியாக இருந்து வாசிப்பது நல்லதா என்ற சர்ச்சை அங்கே இன்னும் ஓயவில்லை. இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப்பெறும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. வாசகி இப்போதைக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

வழக்கு என்ற கதவு முழுக்க மூடப்பட்டுவிடவில்லை. தாமதத்தால் நோய் முற்றியது என்று பின்னர் தெரியவந்தால், காலவிதிப்புச் சட்டத்தின்படி நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். எதிராளி அரசு என்றால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின் கீழ் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கட்டப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அப்போது அங்கே முதலில் கேட்கப்படுவது திகதிகளைத்தான். ஆகவே அடுத்த கிளினிக் நாளில் கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். நேரில் கொடுக்க முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் தரும் துண்டைக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வைக்கலாம்.