எண்ணெய் எங்கே போனது?

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா ஓட்டிய பழைய புல்லட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அம்பத்தூரில் உள்ள எங்கள் பள்ளிக்குத் தினமும் அதில்தான் வருகிறேன். சென்ற ஆண்டு ஜூலை வாக்கில் அதன் கிளட்ச் நழுவத் தொடங்கியது. பாடி மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் உறுமும். வண்டி மட்டும் வேகம் பிடிக்காது. கியர் பெட்டியில் எண்ணெய் வேறு குறைந்துகொண்டே வந்தது. இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன். காலையில் இரண்டு மூன்று சொட்டுக் கறைதான் இருந்தது.

எனக்குத் தோன்றிய முதல் விளக்கம், மெக்கானிக் எண்ணெயைக் குறைவாக ஊற்றுகிறார் என்பதே. "அண்ணே, முழுசா ஊத்துனீங்களா?" என்று அவரிடம் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை. அவர் பதில் சொல்லாமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை ஆய்வகத்து அளவு சாடியை வீட்டுக்கு எடுத்துப் போய், கியர் பெட்டி, கிளட்ச் பெட்டி இரண்டையும் வடித்து, புது எண்ணெயை நானே அளந்து ஊற்றிக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். கியர் பெட்டிக்கு மட்டும் இருக்கட்டுமே என்று 50 மி.லி. கூடுதலாகவே விட்டேன். இரண்டு மாதத்தில் அதுவும் குறைந்தது.

அந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் 'பாய்மங்கள்' பாடம். பாடத்தைத் தொடங்க ஒரு கதை கிடைத்ததே என்று இதையே கேள்வியாக வைத்தேன். ஆவியாகிவிட்டது என்றனர் சிலர். புகையாகப் போனது என்றாள் ஒருத்தி. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், கிளட்ச் கேஸைத் தொறந்து பாத்தீங்களா? அங்க குடி போயிருக்கும்."

அவன் மாலை நேரங்களில் மாமாவின் பட்டறையில் வேலை பார்ப்பவன். ஒன்பதோடு படிப்பை நிறுத்திவிடும் எண்ணத்தில் இருப்பதாக வகுப்பாசிரியர் சொல்லியிருந்தார். நானும் அவனை அதிகம் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். அன்று குனியவில்லை.

அவன் சொன்னதைப் புரிந்துகொள்ள வண்டியின் அமைப்பைக் கொஞ்சம் அறிய வேண்டும். 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட்டுகள் வரத் தொடங்கின. அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டிகளில் எண்ணெய்க்கு மூன்று தனி அறைகள்: எஞ்சினுக்கு ஒன்று, இடப்புறம் சங்கிலியும் கிளட்சும் இருக்கும் பெட்டிக்கு ஒன்று, கியர் பெட்டிக்கு ஒன்று. பின்னாளில் வந்த யுசிஇ எஞ்சின்களில் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். அங்கே இந்தப் பிரச்சினைக்கு இடமே இல்லை. பழைய வண்டியில் கிளட்சை விடுவிக்கும் தள்ளுதண்டு, அதாவது புஷ் ராடு, கியர் பெட்டியின் முதன்மைத் தண்டுக்கு உள்ளே இருக்கும் நீண்ட துளை வழியாக வலமிருந்து இடமாகப் போகிறது. தண்டுக்கும் துளைச் சுவருக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக எண்ணெய்க்கு அந்த வழி போதும்.

சனிக்கிழமை சைக்கிள் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்தினோம். திறப்பதற்கு முன்பே, எங்கிருந்தெல்லாம் எண்ணெய் வந்திருக்கலாம் என்று மாணவர்களை எழுதச் சொன்னேன். கியர் பெட்டியிலிருந்து வந்திருக்கலாம். எஞ்சினின் சுழல்தண்டு சீல் வழியாகவும் வந்திருக்கலாம். எஞ்சின் எண்ணெயை அளவுக்கோல் வைத்துப் பார்த்தோம், குறையவில்லை. எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெக்கானிக் அண்ணன் இரண்டு பெட்டிகளையும் தனித்தனித் தட்டுகளில் வடித்துக் கொடுத்தார். (என் பழைய கேள்வியை அவர் மறந்துவிட்டதுபோல நடந்துகொண்டார். நான் மறக்கவில்லை, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன்.) பையன் கிளட்ச் பெட்டி எண்ணெயில் விரலைத் தொட்டு முகர்ந்து, "கியர் ஆயில் நாத்தம் சார்" என்றான். கியர் எண்ணெயில் பற்கள் தேயாமலிருக்கக் கந்தகச் சேர்மங்கள் கலப்பார்கள். அந்த வாடை தனியாகத் தெரியும். அதே சேர்மங்கள் கிளட்ச் தட்டுகளின் பிடிப்பைக் குறைப்பதுண்டு. பாடி மேம்பாலத்தில் வண்டி ஏன் திணறியது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு அளந்தோம். கியர் பெட்டியில் குறைந்தது 160 மி.லி. கிளட்ச் பெட்டியில் கூடியது 130 மி.லி. மீதி 30 எங்கே என்று பெரும் சண்டை. அட்டைக் கறை, தட்டில் ஒட்டியது, துணியில் துடைத்தது, சாடியின் மீச்சிற்றளவு, சாய்வாகப் பார்த்துப் படித்தது என்று பட்டியல் நீண்டது. நிறை அழியாது என்பதைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த 30 மி.லி.க்காக அவர்கள் கணக்குக் கேட்டதைப்போல என்னிடம் யாரும் கேட்டதில்லை.

வகுப்புக்குத் திரும்பி இரண்டு சோதனைகள் செய்தோம். முதலாவது நுண்புழை ஏற்றம். உயரமான இடத்தில் வண்ண நீர் உள்ள டம்ளர், கீழே காலி டம்ளர், நடுவில் விளக்குத் திரி. மறுநாள் காலை கீழ் டம்ளரில் நீர் சேர்ந்திருந்தது. புஷ் ராடைச் சுற்றிய இடைவெளியும் திரியின் இழைகளுக்கு இடையிலான இடைவெளியும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நான் சொல்வதற்குள் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது, எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' பாடத்தில் வரும் பாகுநிலை. உயரமான கண்ணாடிச் சாடிகளில் விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய், கியர் எண்ணெய். சைக்கிள் பால்ரஸ் குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அடியைத் தொட எடுக்கும் நேரத்தை செல்பேசியில் குறித்தோம். பிறகு சாடிகளை வெந்நீர் வாளியில் வைத்து (அடுப்பில் வேண்டாம்) மறுபடி போட்டோம். விளக்கெண்ணெயில் ஆடி அசைந்து இறங்கிய குண்டு சூட்டில் விறுவிறுவென்று இறங்கியதும் ஒரே கைதட்டல். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைந்துபோவதை ஒருவன் நினைவூட்டினான். ஓடிச் சூடான வண்டியில் எண்ணெய் இளகி இடம் மாறுவது இப்போது யாருக்கும் புதிராக இல்லை.

இங்கே என் அறியாமை ஒன்றும் வெளிப்பட்டது. கியர் எண்ணெய் டப்பாவில் 90 என்றும் எஞ்சின் எண்ணெயில் 50 என்றும் இருப்பதால் முதலாவது ஏறக்குறைய இரு மடங்கு கெட்டி என்று நினைத்திருந்தேன். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 90 எண் கியர் எண்ணெயின் பாகுநிலை, 40 அல்லது 50 எண் எஞ்சின் எண்ணெயை ஒட்டித்தான் இருக்கும். செருப்பு அளவு 8, சட்டை அளவு 38 என்பதுபோல என்று மாணவர்களுக்குச் சொன்னேன்.

கோடை விடுமுறையில் ஓட்டாமல் நிறுத்திய பழைய புல்லட் ஜூன் மாதம் குப்பென்று நீலப் புகை விடுவதும் இதற்கு உறவுதான். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியிலிருந்து எண்ணெய் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து சுழல்தண்டு அறையில் தேங்கிவிடுகிறது. இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். மூன்று பேர் பட்டறைகளில் கேட்டு எழுதிவந்தார்கள்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பெட்ரோலில் தட்டுகளைக் கழுவும் வேலை பட்டறையிலேயே நடக்கட்டும். மாணவர் அருகில் வேண்டாம். வடித்த எண்ணெயைப் பள்ளிச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பட்டறைப் பீப்பாய்க்கே கொடுத்துவிடுங்கள்.

அன்று மாலை ஆண்டுத் தொடக்கத்தில் நடத்திய முன்னறிவுச் சோதனைத் தாள்களைத் தேடி எடுத்தேன். 'வெப்பநிலை உயரும்போது திரவத்தின் பாகுநிலை எவ்வாறு மாறும்?' என்ற கேள்விக்கு அவன் எழுதியிருந்தது: "ஆயில் சூடானா லூசாகும். சீல் தேஞ்சிருந்தா அந்தப் பக்கம் போயிடும்." அதன் மேல் என் சிவப்பு மைப் பெருக்கல் குறி. 'குறையும்' என்ற சொல் இல்லை என்பதற்காகப் போட்டது. திங்கட்கிழமை தாளை அவனிடம் கொடுத்து, மதிப்பெண்ணைத் திருத்தி, அவனுடைய வாக்கியத்தின் கீழேயே 'பாகுநிலை குறையும்' என்று இருவருமாக எழுதினோம். ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்பதை அவனுடைய மாமாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் உறுதி எதுவும் தரவில்லை. ஜூன் மாதம் பையன் பத்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான்.

வண்டிக்கு மெக்கானிக் அண்ணன் புஷ் ராடில் புது ஓ-ரிங் போட்டார். எண்ணெயோடு இளகிய கிரீஸ் கலந்தார். நான் கூடுதலாக விட்ட 50 மி.லி.யையும் குறைத்தார். இரண்டு மாதம் கழித்து அளந்தபோது கிளட்ச் பெட்டியில் கூடியிருந்தது 10 மி.லி. மட்டும். எல்லோரும் மகிழ்ந்தபோது, புகையாகப் போனது என்று முதலில் சொன்ன மாணவி எழுந்தாள்.

"மூணையும் ஒரே நேரத்துல மாத்திட்டோமே சார். எதால சரியாச்சு?"

அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது கிரீஸ் கலக்காமல் விட்டுப் பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது. பால்ரஸ் பையன் கிரீஸ்தான் காரணம் என்கிறான். அவள் ஓ-ரிங் என்கிறாள். அளவு சாடி இப்போது என் வண்டிப் பெட்டியிலேயே இருக்கிறது.