தாமரைத் தொட்டிகளில் பூச்சி உபத்திரவமும் பரிகாரமும்

வீட்டுத் தோட்டத்திலோ கிணற்றடியிலோ சிமெண்டுத் தொட்டி கட்டி, அதில் தாமரை, அல்லி, வேலம்பாசி முதலியவற்றை நட்டுச் சிறு மீன்களையும் விட்டு வளர்ப்பவர் பலர். இத்தகைய தொட்டி கண்ணுக்கு இனியது; ஆனால் கவனிப்பின்றி விடப்படின், கொசுக்களுக்குப் பிறப்பிடமாகி அண்டை வீடுகளுக்கும் நோயை உண்டாக்கும். அதற்கு அஞ்சிப் பயிர்களுக்குரிய மருந்தை இதிலும் தெளித்தாலோ, மீன்கள் மாண்டுபோகும். மருந்தின் வேகம் தணிந்ததும், உண்பாரில்லாமையால் கொசுப்புழு தடையின்றிப் பெருகும். ஆகையால், வயலுக்கு ஏற்ற முறை தொட்டிக்கு ஏலாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கொசுக்கள்

வெயிற்காலத்தில் முட்டையிலிருந்து கொசு உருவாகி வெளிப்பட 7 முதல் 10 நாட்களே போதும். தண்ணீரின் மேற்பரப்பை ஒட்டிப் படுக்கையாகக் கிடக்கும் புழு அனாபிலிஸ் இனத்தது. தலைகீழாகத் தொங்குபவை கியூலெக்ஸ், ஈடிஸ் முதலிய இனங்களைச் சேர்ந்தவை. மலேரியாக் கிருமி அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் கொசு, தொட்டியின் சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடும். தண்ணீர் வற்றினும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிர்தாங்கி நிற்குமாதலால், சுவரை வாரமொருமுறை தேய்த்துக் கழுவுதல் அவசியம்.

கொசுப்புழுவை ஒழிக்க மீனே சிறந்த கருவி. கம்பூசியா என்னும் அயல்நாட்டு மீன் 1928-ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இது புழுவை உண்பினும், பிற மீன்களின் குஞ்சுகளையும் முட்டைகளையும் தின்று அழிக்குமாதலால், ஏரி, குளங்களில் விடத்தக்கதன்று. தலையின் மேல் வெள்ளிப் புள்ளியுடன் வயல் வாய்க்கால்களில் நீந்தித் திரியும் நம் நாட்டுச் சிறு மீன் தொட்டிக்கு ஏற்றது. மீனுக்கு இரை மிகுதியாகப் போடலாகாது. வயிறு நிறைந்த மீன் புழுவைத் தேடாது. இலைகள் நெருங்கி மூடிய இடங்களில் மீன் நுழைய இயலாதாகையால், ஏறக்குறைய பாதிப் பரப்பு திறந்திருக்குமாறு இலைகளைக் கழித்துவருதல் நலம்.

மீனால் மட்டும் அடங்காவிடில், 1976-ஆம் ஆண்டில் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்தை, உறையிற் குறித்த அளவுப்படி இடலாம். இதைத் தின்ற புழு குடல் அழிந்து மடியும், மீனுக்குத் தீங்கில்லை. இரை தின்னாத கூட்டுப்புழுவை இது கொல்லாதாகையால், மறுமுறையும் இடுதல் வேண்டும்.

ஆகாயத் தாமரை

முட்டைக்கோசு போல் இலைகள் அடுக்காக அமைந்து நீரில் மிதக்கும் இச்செடியைத் தொட்டியிலும் குட்டையிலும் வளரவிடலாகாது. மான்சோனியா என்னும் கொசுவின் புழு இதன் வேரைத் துளைத்து, வேரினுள் இருக்கும் காற்றையே சுவாசிக்கும். மேலே வராத இப்புழுவை, நீரின்மேல் எண்ணெய் ஊற்றினும் கொல்ல இயலாது. திருவிதாங்கூரைச் சேர்ந்த சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோய் மிகுந்திருந்ததற்கு இக்கொசுவே காரணம். செடியை வேரோடு வாரிக் கரையேற்றி உலரவிடுவதே பரிகாரம்; உலர்ந்ததை எருக்குழியிற் சேர்க்கலாம்.

இலையைத் தாக்கும் பூச்சிகள்

தாமரை, அல்லி இலைகளின் மேல் அசுவினி கூட்டமாய் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும். இலை மஞ்சளித்துச் சுருளும். பெண் பூச்சி ஆணின் சேர்க்கையின்றியே குட்டி ஈனுமாதலால், சில நாட்களில் எண்ணிறந்து பெருகும். விசையாகத் தண்ணீர் பீய்ச்சி இவற்றை நீரில் வீழ்த்தினால் மீன்கள் உண்டுவிடும். பொறிவண்டும் அதன் புழுவும் அசுவினியைத் தின்பவை, அவற்றைக் கொல்லலாகாது.

நெல் வயலின் கூண்டுப்புழுவைப் போல, இலையைத் துண்டித்துக் கூடு செய்து வாழும் புழுவும் தொட்டியில் தோன்றும். வயலில் மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றைப் பயிரின்மேல் இழுப்பது வழக்கம். மீனுள்ள தொட்டியில் அதைக் கையாளாது, கூடுகளைக் கையாற் பொறுக்கி அழித்தல் வேண்டும்.

தும்பியின் இளம்புழு கொசுப்புழுவை உண்ணும் நண்பனாயினும் மீன்குஞ்சுகளையும் பிடித்துத் தின்னும். குஞ்சு பொரிக்கும் தொட்டியில் மட்டும் அதனை வலையால் அரித்தெடுத்தாற் போதும்.

எச்சரிக்கை

இலையில் தெளிப்பது யாவும் இறுதியில் தண்ணீரையே சேரும். புகையிலைக் கஷாயமும் சவர்க்கார நீரும் மீனுக்கு ஆகா. பைரித்திராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலும் மீனைக் கொல்லவல்லவை. அருகிலுள்ள பயிருக்கு மருந்தடிக்கும்போது, காற்று தொட்டியை நோக்கி வீசுகிறதா என்று கவனித்து, தொட்டியைத் துணியால் மூடிவைத்தல் வேண்டும். தெளிப்பான்களைத் தொட்டியிலோ, கிணற்றடியிலோ, வாய்க்காலிலோ கழுவலாகாது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது

கொசு உற்பத்திக்கு இடமளிக்கும் நீர்த்தேக்கங்களைப் பற்றிய விதிகள் 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தில் உள்ளன. ஆயினும், உத்தரவு பிறப்பிப்பதற்கு முன்னர், சொந்தக்காரருக்கு அவர் தொட்டியிலுள்ள புழுவையே ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் முகந்து காட்டுதல் நலம். தாமரையைப் பிடுங்குமாறும் தொட்டியை இடிக்குமாறும் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் சுவரைத் தேய்த்து, இலையைக் கழித்து, மீன் உயிருடனிருப்பதைப் பார்த்துவரின், பூவும் நிலைக்கும், ஊருக்கும் நோய் அணுகாது.